ஒரு படிவம், நாற்பது பெயர்: கிளாஸிலிருந்து ஒப்ஜெக்ட் உருவாக்கும்போது வரும் பிழைகள்

இலங்கையில் சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகள் பஸ்கால் மொழியில் செய்நிரல் எழுதப் பழகுகிறார்கள். உயர்தரத்தில் அது பைதனாக மாறுகிறது. பொருள் நோக்கு முறை, அதாவது கிளாஸ், ஒப்ஜெக்ட் என்று வேலை செய்யும் முறை, உயர்தரத்தில் அறிமுகமாகிறது. ஆனால் கை வைத்து எழுத வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் பரீட்சை முடிந்து என்.வி.கியூ. பாடநெறிக்கோ பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்துக்கோ போகும்போதுதான் வருகிறது.

மாத்தளை நகரில் வார இறுதிகளில் இளைஞர்களுக்குப் பைதன் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ பக்கமிருந்து பஸ் ஏறி வருபவர்களே அதிகம். இஃப், லூப், ஃபங்ஷன் வரை நன்றாக வருகிறவர்கள் கிளாஸ் என்ற இடத்தில் தடுக்கி நிற்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். கெட்டித்தனம் குறைந்ததால் அல்ல. பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது; அதில் உள்ள எண்கள் நாம் எழுதியதோடு பொருந்தாததுபோல் தெரிகின்றன. “எனக்கு இது சரிவராது சேர்” என்று சொல்லிவிட்டு, வரைகலைக்கோ தட்டச்சுக்கோ போய்விடுகிறார்கள்.

இந்தப் பிழைகள் எண்ணிக்கையில் அதிகமில்லை. பத்துக்குள் அடங்கும். அவற்றில் சில சத்தம் போடும் பிழைகள்: செய்நிரல் நின்றுவிடும், செய்தி வரும். மற்றவை சத்தமே போடாது. செய்நிரல் ஓடும், விடை மட்டும் தவறாக இருக்கும். ஆபத்து இந்த இரண்டாம் வகையில்தான். இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த உதாரணம்: செக்ரோல்

பாடப்புத்தகங்கள் கார், நாய், வங்கிக் கணக்கு என்று உதாரணம் சொல்லும். நமக்கு அதைவிட நெருக்கமான ஒன்று தோட்டத்து செக்ரோல். பெரட்டுக்களத்தில் பெயர் பதிகிறார்கள். கொழுந்து மடுவத்தில் நிறுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம், ஒரு பெயர், அன்றைய நிறைகள். குறித்த கிலோ வந்தால் ஒரு பெயர், வராவிட்டால் அரைப்பெயர். தோட்டத்தில் ‘பெயர்’ என்றால் ஒருநாள் சம்பளம் என்பது நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டிய விடயம் அல்ல.

செக்ரோலில் ஒரு வரியில் என்னென்ன விபரம் இருக்க வேண்டும், அதை வைத்து என்னென்ன கணக்குப் பார்க்கலாம் என்று சொல்லும் வெற்றுப் படிவம்தான் கிளாஸ். அந்தப் படிவத்தின்படி ஒருவருக்காக நிரப்பப்பட்ட வரி ஒப்ஜெக்ட். படிவம் ஒன்று, வரிகள் நாற்பது. படிவத்துக்குக் கொழுந்து நிறுக்க முடியாது. ஆளுக்குத்தான் நிறுக்க முடியும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை படிவத்தையும் ஆளையும் குழப்பிக்கொள்வதாலோ, ஓர் ஆளையும் இன்னோர் ஆளையும் குழப்பிக்கொள்வதாலோ வருபவை. பாடப்புத்தகத் தமிழில் கிளாஸை ‘வகுப்பு’ என்பதும் ஒரு சிக்கல். வகுப்பு என்றவுடன் பிள்ளைகள் மனதில் பள்ளிக்கூட அறைதான் வருகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் கிளாஸ், ஒப்ஜெக்ட் என்றே சொல்கிறேன்.

கீழே உள்ள நிரலை வாசிப்பு வசதிக்காக முழுவதும் தமிழ் எழுத்தில் தருகிறேன். கிளாஸ், டெஃப், செல்ஃப், ரிட்டர்ன் போன்றவற்றைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் தொழிலாளி, கிலோ, நிறைகள் என்று நாமே வைக்கும் பெயர்களை உண்மையிலேயே தமிழில் தட்டலாம். 2008இல் வெளியான பைதன் 3 முதல் இது செல்லும்.

கிளாஸ் தொழிலாளி:
    நாட்சம்பளம் = 1000

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், இலக்கம்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.இலக்கம் = இலக்கம்
        செல்ஃப்.நிறைகள் = []

    டெஃப் நிறு(செல்ஃப், கிலோ):
        செல்ஃப்.நிறைகள்.அப்பெண்ட்(கிலோ)

    டெஃப் மொத்தம்(செல்ஃப்):
        ரிட்டர்ன் சம்(செல்ஃப்.நிறைகள்)

இனிட் என்பது புதிய ஆளைப் பதியும்போது தானாக ஓடும் பகுதி. செல்ஃப் என்றால் ‘இந்த ஆள்’. இப்போது இருவரைப் பதிவோம்:

வள்ளி = தொழிலாளி("வள்ளி", 127)
செல்வி = தொழிலாளி("செல்வி", 128)

இது சரியான வடிவம். இனி இது எங்கெல்லாம் கெடுகிறது என்று பார்ப்போம்.

சத்தம் போடும் பிழைகள்

1. அடைப்புக்குறியை விடுவது

வள்ளி = தொழிலாளி
வள்ளி.நிறு(9)

முதல் வரியில் எந்தப் பிழையும் வராது. இரண்டாம் வரியில் டைப்எரர் வரும்: ‘கிலோ’ என்ற ஒரு ஆர்கியுமென்ட் மிஸ்ஸிங் என்று சொல்லும். பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள். 9 என்று கிலோவைக் கொடுத்துவிட்டோமே, பிறகு எப்படிக் கிலோ இல்லை என்கிறது?

காரணம் இதுதான். அடைப்புக்குறி இல்லாததால் புதிய ஆள் பதியப்படவில்லை. வெற்றுப் படிவத்துக்கே ‘வள்ளி’ என்று இன்னொரு பெயர் வைத்தோம். படிவத்திடம் நிறு என்று சொன்னதும், நாம் கொடுத்த 9 போய் செல்ஃப் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கிலோவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கொடுத்ததையே இல்லை என்று செய்தி சொன்னால், ஒப்ஜெக்ட் உருவாக்கிய வரியில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. எண்ணிக்கை பொருந்தாதது

தொழிலாளி("வள்ளி") என்று மட்டும் எழுதினால் ‘இலக்கம்’ மிஸ்ஸிங் என்று வரும். இது நேரான செய்தி. ஆனால் தொழிலாளி("வள்ளி", 127, "மேல்பிரிவு") என்று எழுதிப் பாருங்கள். 3 ஆர்கியுமென்ட்தான் எடுக்கும், நீங்கள் 4 கொடுத்தீர்கள் என்று வரும். நாம் கொடுத்தது மூன்றுதானே?

பைதன் செல்ஃபையும் சேர்த்து எண்ணுகிறது. நாம் கொடுப்பதற்கு முன்னால் ‘இந்த ஆள்’ என்பதை அது தானாகவே சேர்த்து அனுப்புகிறது. ஆகவே எண்ணிக்கை பற்றிய செய்தி வந்தால் இரண்டு எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் படியுங்கள்: 2 எடுக்கும், 3 கொடுத்தீர்கள். இப்போது பொருந்தும்.

வரிசை மாறினால் செய்தியே வராது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிலாளி(127, "வள்ளி") என்று எழுதினால் 127 பெயராகிவிடும், வள்ளி இலக்கமாகிவிடும். பைதன் ஏற்றுக்கொள்ளும். இதைத் தவிர்க்க, தொழிலாளி(பெயர்="வள்ளி", இலக்கம்=127) என்று எது எது என்று சொல்லியே கொடுக்கலாம். அப்போது வரிசை மாறினாலும் பரவாயில்லை.

3. இனிட் எழுதும் முறை

இனிட் என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. ஒன்று குறைந்தாலும், எழுத்து ஒன்று இடம் மாறினாலும், பைதன் அதைச் சாதாரண மெதட் என்று நினைத்து விட்டுவிடும். பிறகு தொழிலாளி("வள்ளி", 127) என்றதும் ‘டேக்ஸ் நோ ஆர்கியுமென்ட்ஸ்’, அதாவது இந்தக் கிளாஸ் எதையும் எடுக்காது என்ற செய்தி வரும். இனிட்டின் முன்னிடைவெளி தவறி அது கிளாஸுக்கு வெளியே போய்விட்டாலும் இதே செய்திதான்.

இந்தச் செய்தியைக் கண்டால் ஒப்ஜெக்ட் உருவாக்கிய வரியைத் திருத்த வேண்டாம். பிழை அங்கே இல்லை. மேலே போய் இனிட்டின் எழுத்தையும் அது நிற்கும் இடத்தையும் பாருங்கள்.

4. டெஃப் வரியில் செல்ஃபை மறப்பது

டெஃப் நிறு(கிலோ): என்று எழுதிவிட்டு வள்ளி.நிறு(9) என்று அழைத்தால், 1 எடுக்கும், 2 கொடுத்தீர்கள் என்று வரும். மேலே சொன்ன கணக்கேதான். வள்ளி.நிறு(9) என்பதைப் பைதன் தொழிலாளி.நிறு(வள்ளி, 9) என்றே புரிந்துகொள்கிறது. இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டால் செல்ஃப் பற்றிய மர்மம் தீர்ந்துவிடும். புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஆள், அடைப்புக்குறிக்குள் முதல் ஆளாக உள்ளே போகிறார். அவரை வரவேற்க ஒரு கதிரை வேண்டும். அந்தக் கதிரைதான் செல்ஃப்.

5. உள்ளே செல்ஃபை மறப்பது

இனிட்டுக்குள் செல்ஃப்.இலக்கம் = இலக்கம் என்பதற்குப் பதிலாக இலக்கம் = இலக்கம் என்று எழுதுவது மிகச் சாதாரணம். இது பிழையான வாக்கியம் அல்ல. ஆனால் பயனில்லாத வாக்கியம். இனிட் முடிந்ததும் அந்த விபரம் காற்றோடு போய்விடும். ஆளைப் பதியும்போது எல்லாம் சரியாக ஓடும். இருபது வரி தாண்டி வள்ளி.இலக்கம் என்று கேட்கும்போதுதான் ஆட்ரிபியூட்எரர் வரும்: இந்தத் தொழிலாளி ஒப்ஜெக்டுக்கு இலக்கம் என்று ஒன்று இல்லை.

பிழை தெரியும் வரி வேறு, பிழை பிறந்த வரி வேறு. ஆட்ரிபியூட்எரர் வந்தால் அந்த விபரம் எங்கே முதன்முதலாக வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இனிட்டுக்குள் போய்த் தேடுங்கள்.

மெதட்டுக்குள் செல்ஃப் இல்லாமல் நிறைகள்.அப்பெண்ட்(கிலோ) என்று எழுதினால் வருவது நேம்எரர். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2023இல் வந்த பைதன் 3.12, இந்த இடத்தில் ‘செல்ஃப்.நிறைகள் என்பதையா சொல்ல வந்தீர்கள்?’ என்று கேட்கும். மொழியை உருவாக்குபவர்களே குறிப்புச் சேர்க்கும் அளவுக்கு உலகம் முழுவதும் செய்யப்படும் பிழை இது. மாத்தளையில் இருந்துகொண்டு நாம் மட்டும் செய்வது அல்ல.

6. கிளாஸின் பெயரையே ஒப்ஜெக்டுக்கு வைப்பது

தொழிலாளி = தொழிலாளி("வள்ளி", 127)
செல்வி = தொழிலாளி("செல்வி", 128)

முதல் வரி ஓடும். இரண்டாம் வரியில் ‘நொட் கோலபிள்’, அதாவது இதை அழைக்க முடியாது என்று வரும். முதல் வரியிலேயே தொழிலாளி என்ற பெயர் படிவத்தை விட்டு வள்ளியிடம் போய்விட்டது. இனி அந்தப் பெயரால் புதிய ஆளைப் பதிய முடியாது.

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கிளாஸின் பெயரைப் பெரிய எழுத்திலும் ஒப்ஜெக்டின் பெயரைச் சிறிய எழுத்திலும் தொடங்குவது வழக்கம். அதனால் இரண்டும் மோதாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. தமிழ்ப் பெயர் வைத்துப் பழகுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘தொழிலாளி_படிவம்’ என்று கிளாஸுக்குப் பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

சத்தம் போடாத பிழைகள்

இனி வருபவை ஓடிக்கொண்டே தவறு செய்யும் பிழைகள். மேலே உள்ளவை நேரத்தைத்தான் தின்னும். இவை ஒருவரின் சம்பளத்தைத் தின்னக்கூடியவை.

7. நிறைகளைப் படிவத்திலேயே எழுதிவிடுவது

நிறைகள் = [] என்ற வரியை இனிட்டுக்குள் வைக்காமல், நாட்சம்பளத்துக்குக் கீழே கிளாஸ் மட்டத்தில் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வள்ளிக்கு 9 கிலோ, செல்விக்கு 11 கிலோ நிறுக்கிறோம். மொத்தம் கேட்டால் வள்ளிக்கும் 20, செல்விக்கும் 20.

ஆளுக்கொரு லிஸ்ட் இல்லாமல், படிவத்தோடு ஒட்டிய ஒரே லிஸ்ட்டில் எல்லோர் கொழுந்தும் விழுகிறது. நாற்பது பேர் என்றால் ஒவ்வொருவர் பெயரிலும் நாற்பது பேரின் கொழுந்து. தொழிற்சாலையில் இறங்கிய நிறையோடு ஒப்பிடும்போது கணக்கு உதைக்கும். உதைத்தால் முதலில் சந்தேகிக்கப்படுவது செய்நிரலா, நிறுத்தவரா, பறித்தவரா என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதன் தம்பி ஒன்று உண்டு. டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், இலக்கம், நிறைகள்=[]) என்று எழுதி, உள்ளே செல்ஃப்.நிறைகள் = நிறைகள் என்று வைப்பது. பார்க்க இனிட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வெற்று லிஸ்ட், டெஃப் வரியைப் பைதன் வாசிக்கும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகிறது. லிஸ்ட் கொடுக்காமல் பதியப்படும் எல்லோருக்கும் அதே லிஸ்ட்தான் போகிறது. அடைப்புக்குறிக்குள் நன் என்று வைத்துவிட்டு, உள்ளே ‘நன் என்றால் புதிய வெற்று லிஸ்ட்’ என்று எழுதுவதே சரியான முறை.

8. சமக்குறி பிரதி எடுக்கும் என்று நினைப்பது

வள்ளி = தொழிலாளி("வள்ளி", 127)
செல்வி = வள்ளி
செல்வி.பெயர் = "செல்வி"

வள்ளியைப்போலவே இன்னொருவரை உருவாக்கிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணத்தில் எழுதப்படுவது. இப்போது வள்ளி.பெயர் என்ன என்று கேளுங்கள். செல்வி என்று வரும். இரண்டாவது ஆள் உருவாகவே இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு அழைப்புப் பெயர். வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் இருப்பதுபோல. வள்ளி என்ற பெயர் பதிவிலிருந்தே அழிந்துவிட்டது, ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல்.

புதிய ஆள் வேண்டுமென்றால் தொழிலாளி(...) என்று மறுபடி அழைத்தே ஆக வேண்டும். அழைத்த தடவை எத்தனையோ ஆள் அத்தனை.

9. லூப்புக்கு வெளியே ஒரே ஆளை உருவாக்குவது

இதே பிழை லூப்புக்குள் வரும்போது இன்னும் பெரிதாகிறது.

பட்டியல் = []
ஆள் = தொழிலாளி("", 0)
ஃபோர் வரி இன் செக்ரோல்:
    ஆள்.பெயர் = வரி
    பட்டியல்.அப்பெண்ட்(ஆள்)

நாற்பது பெயர் கொண்ட செக்ரோலைக் கொடுத்தால் பட்டியலில் நாற்பது உருப்படிகள் இருக்கும். எண்ணிப் பார்த்தால் சரி. பெயர்களை அச்சிட்டால் நாற்பது தடவையும் கடைசிப் பெயரே வரும். ஒரே ஆளின் பெயரை நாற்பது தடவை மாற்றி, அந்த ஒரே ஆளை நாற்பது தடவை பட்டியலில் போட்டிருக்கிறோம். தொழிலாளி(...) என்ற வரியை லூப்புக்குள் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர்களிடம் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

10. எல்லோருக்கும் பொதுவானதை ஓர் ஆளில் மாற்றுவது

கிளாஸ் மட்டத்தில் எதுவுமே வைக்கக்கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான விபரத்துக்கு அதுதான் சரியான இடம். நாட்சம்பளம் அப்படிப்பட்டது. 2021இல் அது 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் 1,350 ஆனது.

இப்போது உயர்வைச் செய்நிரலில் ஏற்ற வேண்டும். வள்ளி.நாட்சம்பளம் = 1350 என்று எழுதினால் என்ன ஆகும்? வள்ளிக்கு மட்டும் தனியாக ஒரு நாட்சம்பளம் உருவாகும். செல்விக்கும் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் படிவத்தில் உள்ள பழைய 1,000தான். தொழிலாளி.நாட்சம்பளம் = 1350 என்று படிவத்தில் மாற்றினால்தான் எல்லோருக்கும் போகும்.

நினைவில் வைக்க எளிய விதி: படிவத்தில் உள்ளதை ஆள் வழியாக வாசிக்கலாம், ஆள் வழியாக எழுதினால் அது அந்த ஆளுக்கு மட்டும்.

ஜாவா பக்கம் போகிறவர்களுக்கு

பைதனில் பழகி ஜாவாவுக்குப் போகிறவர்களைக் காத்திருக்கும் பள்ளம் வேறு. ஜாவாவில் புதிய ஆளைப் பதிய ‘நியூ’ என்ற சொல் வேண்டும். தொழிலாளி வள்ளி; என்று மட்டும் எழுதினால் ஆள் இல்லை, ஆளுக்காக ஒதுக்கிய பெயர்ப்பலகை மட்டும்தான். நியூ தொழிலாளி[40] என்று வரிசை ஒன்றை உருவாக்கினால் நாற்பது ஆள் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வந்தது நாற்பது வெற்றுக் கதிரை. ஒவ்வொரு கதிரையிலும் நல் என்ற வெறுமை உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒன்றைப் பிடித்து நிறு என்றால் நல்பொயின்டர்எக்செப்ஷன் வரும். லூப் போட்டு ஒவ்வொரு கதிரையிலும் நியூ தொழிலாளி(...) என்று ஆளை உட்கார்த்த வேண்டும்.

இந்த வெறுமையை 1965இல் ஒரு மொழிக்குள் கொண்டுவந்தவர் டோனி ஹோர் என்ற பிரித்தானிய அறிஞர். அதைத் தனது நூறு கோடி டொலர் தவறு என்று பின்னாளில் அவரே பகிரங்கமாகச் சொன்னார். அந்தப் பிழையில் விழும் மாணவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜாவாவில் இன்னொன்று: கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் வொயிட் என்று எழுதிவிட்டால் அது கன்ஸ்ட்ரக்டர் அல்ல, அதே பெயருள்ள சாதாரண மெதட். பைதனில் இனிட்டின் அடிக்கோட்டைத் தவறவிடுவதற்கு இது சமம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் போடும் பிழைக்குச் செய்தியின் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் மேலிருந்து வாசித்துப் பாதியில் பயந்து மூடிவிடுகிறார்கள். கடைசி வரியில் மூன்று விடயம் இருக்கும்: பிழையின் வகை, எந்தக் கிளாஸ் அல்லது மெதட், என்ன குறை. அதற்கு மேலே எந்த வரி என்று இருக்கும். இதற்குத் தேவையான ஆங்கிலச் சொற்கள் இருபதுக்கு மேல் இல்லை. மிஸ்ஸிங் என்றால் குறைகிறது. டேக்ஸ் என்றால் எடுக்கும். கிவன் என்றால் கொடுக்கப்பட்டது. ஹேஸ் நோ ஆட்ரிபியூட் என்றால் அப்படி ஒரு விபரம் இதனிடம் இல்லை. நொட் டிஃபைன்ட் என்றால் அந்தப் பெயரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் வராது என்பதால் செய்நிரல் வராது என்பது உண்மை அல்ல.

சத்தம் போடாத பிழைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: எப்போதும் இருவரை உருவாக்கிச் சோதியுங்கள். ஒருவரை மட்டும் வைத்துச் சோதித்தால் 7 முதல் 10 வரையுள்ள பிழைகள் எதுவும் கண்ணில் படாது. வள்ளி மட்டும் இருந்தால் 9 கிலோ 9 ஆகத்தான் காட்டும். செல்வி வந்த பிறகுதான் குழப்பம் வெளியே தெரியும்.

வள்ளி = தொழிலாளி("வள்ளி", 127)
செல்வி = தொழிலாளி("செல்வி", 128)
வள்ளி.நிறு(9)
பிரிண்ட்(வள்ளி.மொத்தம்())
பிரிண்ட்(செல்வி.மொத்தம்())

முதலாவது 9, இரண்டாவது 0. செல்விக்கும் 9 வந்தால் லிஸ்ட் பொதுவாகிவிட்டது. எண்ணே வராமல் ‘பவுண்ட் மெதட்’ என்று ஏதோ நீளமாக வந்தால், மொத்தம் என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது.

இன்னும் உள்ளே பார்க்க வார்ஸ்(வள்ளி) என்று அச்சிடுங்கள். வள்ளி தன்னிடம் சொந்தமாக வைத்திருக்கும் விபரங்கள் மட்டும் வரும். அதில் பெயரும் இலக்கமும் இருந்து நிறைகள் இல்லாவிட்டால், நிறைகள் படிவத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். வள்ளி இஸ் செல்வி என்று கேட்டால் இருவரும் ஒரே ஆளா என்று ட்ரூ அல்லது ஃபோல்ஸ் வரும். ட்ரூ வந்தால் 8ஆம் அல்லது 9ஆம் பிழை.

யாருடைய கணக்கு?

கிளாஸ், ஒப்ஜெக்ட் என்ற கருத்து 1960களில் நோர்வேயின் ஒஸ்லோவில் உருவானது. அங்கே நோர்வே கணினி மையத்தில் ஒலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் சிமுலா என்ற மொழியை அமைத்தார்கள். ஒரே மாதிரியான பல பொருட்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலைமை. இதைக் கணினியில் எப்படிச் சொல்வது என்பதே அவர்கள் கேள்வி. சிமுலா 67இல் அதற்கு விடை கிடைத்தது. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது.

அதிகம் பேசப்படாத ஒன்று, நைகார்ட் அதன் பிறகு செய்த வேலை. 1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் வரும் கணினி தங்களை எப்படி எண்ணுகிறது, எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் தொழிலாளர்களே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வேலையின் நோக்கம்.

செக்ரோல் உதாரணத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்கும் அதுவே காரணம். நிறுவையும் சம்பளமும் கொப்பியிலிருந்து கணினிக்கு மாறினால், அந்தச் செய்நிரலை யாரோ ஒருவர் எழுதுவார். லிஸ்ட்டை ஒரு வரி மேலே வைத்தாரா கீழே வைத்தாரா என்பதில் ஒருவரின் பெயர் அரைப்பெயர் ஆகலாம். கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி நிற்பவர்களுக்கு அது எங்கே தவறியிருக்கக்கூடும் என்று கேட்கத் தெரிய வேண்டும். “ஏன் எனக்கும் அவருக்கும் ஒரே எண் வருகிறது?” என்ற கேள்வி அதற்குப் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கவும், நிரலைத் திறந்து விடை சொல்லவும் தெரிந்த பிள்ளைகள் லயங்களிலிருந்தே வர முடியும். அதற்கு அவர்கள் முதல் டைப்எரரில் மடிக்கணினியை மூடிவிடாமல் இருக்க வேண்டும்.